கேள்வி பதில்: ஒன்பது வருடம் ஏறி, இரண்டே வருடத்தில் சறுக்கியவர்கள்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் 2016-ல் சாம்பியன் ஆன லெஸ்டர் சிட்டி, 2023-லும் 2025-லும் இரண்டு தடவை கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அவ்வளவு பெரிய அணி எப்படி இப்படிச் சரிந்தது?

பதில்: முதலில் ஒரு விஷயம், லெஸ்டர் எப்போதுமே பெரிய அணி கிடையாது. சாம்பியன் ஆவதற்கு முந்தைய சீசனில் பட்டியலின் அடியில் கிடந்து, கடைசி 9 ஆட்டங்களில் 7-ஐ ஜெயித்துத்தான் உயிர் தப்பினார்கள். அதனால்தான் அடுத்த சீசன் தொடங்கும்போது, இவர்கள் மேல் 1 பவுண்டு கட்டி ஜெயித்தால் 5,000 தருகிறோம் என்று பந்தயக்காரர்கள் சொன்னார்கள். 81 புள்ளிகளோடு கோப்பை வந்தது. கோப்பை வாங்கித் தந்த மேனேஜர் ரனியேரியை ஒன்பதே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அது தனிக் கதை.

அதற்கப்புறமும் அவர்கள் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்தார்கள். கான்டே, மாரஸ், மக்வயர் என்று இரண்டு வருடத்துக்கு ஒரு ஆட்டக்காரரையாவது வேறு கிளப்புக்கு நல்ல விலைக்கு விற்பது, அந்தப் பணத்தில் வெளியே பேர் தெரியாத ஆள்களைப் பிடிப்பது. 2018-ல் உரிமையாளர் விச்சை மைதானத்துக்கு வெளியே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகும் வண்டி ஓடியது, 2021-ல் எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. ஆனால் மேலே இருக்கும் அணிகளுக்குச் சமமாகச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்து, ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் பணம் வருடா வருடம் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அது வரவில்லை. உரிமையாளர் குடும்பத்தின் தொழிலோ விமான நிலையக் கடைகள், கொரோனாவில் அதுவும் படுத்துவிட்டது. விற்க வேண்டிய நேரத்தில் ஆள்களை விற்கவும் இல்லை. 2021 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் அந்த ஒரே கோலை அடித்த டீலமன்ஸ், 2023-ல் ஒப்பந்தம் முடிந்து கிளப்புக்கு ஒரு பைசா வராமல் கிளம்பிப் போனார். என்னைக் கேட்டால் சரிவு மொத்தத்தையும் அந்த ஒரு ஆளை வைத்தே சொல்லிவிடலாம்.

கேள்வி: அணி தோற்றுக்கொண்டே இருந்தால் மேனேஜரை மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: மூன்று ஆட்டம் சரியாகும், சில சமயம் அதுவும் ஆகாது. சவுத்தாம்ப்டன் 2024 டிசம்பரில் ஆளை மாற்றியது. 7 ஆட்டம் மீதி இருக்கும்போதே இறங்குவது உறுதியாகி, புது ஆளும் கிளம்பி, கடைசியில் 12 புள்ளிகள். பிரீமியர் லீக்கிலேயே மிகக் குறைவாக 2007-08-ல் டெர்பி எடுத்த 11-ஐத் தாண்டிவிட்டோம் என்பதையே ரசிகர்கள் கொண்டாட வேண்டியதாயிற்று.

கேள்வி: பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் அணிக்குப் பணம் வேறு கொடுக்கிறார்களாமே? தோற்றதற்குப் பரிசா?

பதில்: பாராசூட் பணம் என்று பெயர். பிரீமியர் லீக் அணிகளுக்கு ஒளிபரப்பு வருமானத்தில் சமமாகப் பிரித்துத் தரும் பங்கில் முதல் வருடம் 55, அடுத்து 45, அப்புறம் 20 சதவீதம். மேலே ஒரே ஒரு சீசன்தான் இருந்த அணி என்றால் இரண்டு வருடத்தோடு சரி. மேலே இருக்கும்போது போட்ட சம்பள ஒப்பந்தங்கள் இறங்கிய மறுநாளே மறைந்துவிடாதே, அது இல்லாவிட்டால் பல கிளப்கள் திவாலாகும். ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பணம் கையில் இல்லாமல் அதே டிவிஷனில் போராடும் மற்ற அணிகள் என்ன பாவம் செய்தன?

கேள்வி: என் அணி வாராவாரம் தோற்கிறது. வேறு அணிக்கு மாறிவிடலாமா?

பதில்: தாராளமாக. நீங்கள் மாறிய அடுத்த வாரமே 4-0 என்று ஜெயிப்பார்கள், பரவாயில்லையா?

கேள்வி: ரசிகர்களே ஒரு கிளப்பைக் காப்பாற்றிய கதை உண்டா?

பதில்: போர்ட்ஸ்மவுத். 2008-ல் எஃப்.ஏ. கோப்பை, 2010-ல் திவால் நிர்வாகத்தின் கீழ் போன முதல் பிரீமியர் லீக் கிளப் என்ற பெயர், 9 புள்ளி பறிப்பு, இறக்கம். மறுபடி 2012-ல், 2013-ல் இறக்கம். நான்காவது டிவிஷனில் போய் விழுந்த அந்த 2013-ல்தான் ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு என்று சேர்த்துக் கிளப்பை வாங்கினார்கள். சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பங்கை எடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து நான்காவது டிவிஷன் சாம்பியன். அப்புறம் ஒரு அமெரிக்கப் பணக்காரருக்கு விற்றார்கள், விற்கலாமா என்று ரசிகர்களே ஓட்டுப் போட்டு! அது சரியா தவறா என்று எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். ஆனால் 2024-ல் அவர்கள் இரண்டாவது டிவிஷனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: உங்களுக்கு மனசுக்குப் பிடித்த, அடிபட்ட அணி எது?

பதில்: லூட்டன் டவுன். 2008-09 சீசனை மைனஸ் 30 புள்ளிகளோடு தொடங்கினார்கள். பழைய நிர்வாகம் ஏஜென்டுகளுக்கு முறைகேடாகக் கொடுத்த பணத்துக்கு 10, திவாலிலிருந்து ஒழுங்காக வெளியே வராததற்கு 20. செய்தவர்கள் போய்விட்டார்கள், தண்டனை வந்தவர்களுக்கு. அந்த சீசனிலேயே லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஸ்கன்தோர்ப்பை 3-2 என்று ஜெயித்து ஒரு கோப்பை வாங்கினார்கள், அதே கையோடு மேலே உள்ள நான்கு டிவிஷன்களை விட்டே வெளியே விழுந்தார்கள். ஐந்து வருடம் ஐந்தாவது டிவிஷன். 2014, 2018, 2019 என்று ஏறி, 2023-ல் கோவென்ட்ரியைப் பெனால்டியில் வென்று பிரீமியர் லீக். பெல்லி ரடக் எம்பான்ஸு என்ற மிட்ஃபீல்டர் ஐந்தாவது டிவிஷனிலிருந்து முதல் டிவிஷன் வரை இந்த ஒரே சட்டையோடு ஏறியவர், அவருக்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

மேலே போனதும் பணத்தை வாரி இறைக்கவில்லை, அதற்காகவே இவர்களைப் பிடிக்கும். 26 புள்ளிகளோடு இறங்கினார்கள். கணக்குப்படி அடுத்த சீசன் திரும்பி ஏறியிருக்க வேண்டும், கையில் பாராசூட் பணம் வேறு. ஆனால் தோற்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, மேனேஜர் மாறினார், கடைசி நாளில் வெஸ்ட் பிராமிடம் 5-3 என்று தோற்று 2025-ல் மூன்றாவது டிவிஷனுக்கே போனார்கள். கிளப்பை அடக்கமாக நடத்தினாலும் இப்படி நடக்கும். லெஸ்டரைப் பற்றி மேலே அவ்வளவு நீட்டி முழக்கிவிட்டு இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான், லூட்டன் இறங்கியபோது தலைக்கு மேல் கடன் இல்லை, பவர் கோர்ட் என்ற இடத்தில் புது மைதானத்துக்கான திட்டமும் கைவிடப்படவில்லை.

கேள்வி: லூட்டன் மைதானத்துக்கு வீடுகளுக்குள் புகுந்துதான் போக வேண்டும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் வெளியூர் ரசிகர்களுக்கான வாசல் ஓக் ரோடு வீட்டு வரிசைக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே நுழைந்து இரும்புப் படி ஏறினால் கீழே யாரோ ஒருவருடைய கொல்லைப்புறம், கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களும் அப்படித்தான் போனார்கள்.