சீக்கிரமா, விவரமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பட்ஜெட் உரையைவிடத் துறைவாரி செலவு மதிப்பீடுகளே முக்கியம் என்று எழுதியிருந்தீர்கள். படித்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எண்கள். அதுவும் நிதியாண்டு தொடங்கும் தறுவாயில்தான் கைக்கு வருகின்றன. முன்கூட்டியே, விரிவாகத் தருவதில் அரசுகளுக்கு என்ன சிரமம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரமம் இருக்கத்தான் செய்கிறது. சீக்கிரம் கொடு என்றால் கணக்குப் போட்டு முடித்திருக்க மாட்டார்கள். முடிக்கட்டும் என்று பொறுத்தால் ஆண்டு பிறந்துவிடும்.

கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. முதன்மை மதிப்பீடுகளை, அதாவது வரும் ஆண்டுக்கான துறைவாரி செலவு மதிப்பீடுகளை, மார்ச் 1க்குள் நாடாளுமன்றத்தில் வைத்துவிட வேண்டும். பட்ஜெட்டுக்கோ அப்போது நிலையான தேதி கிடையாது. பல ஆண்டுகளில் மதிப்பீடுகளுக்குப் பிறகுதான் வரும். ஆகவே பட்ஜெட்டில் அறிவித்த புதுத் திட்டம் எதுவும் மதிப்பீட்டில் இருக்காது. உறுப்பினர்கள் ஆராய்வது ஒரு கணக்கு, அமைச்சர் பேசுவது இன்னொன்று. இதைச் சரிசெய்ய 2018இல் மதிப்பீட்டின் கெடுவை ஏப்ரல் 16க்குத் தள்ளினார்கள். ஆனால் பட்ஜெட் அறிவிப்புகளுக்குத் துறைகள் விரிவான கணக்கு போட்டு, கருவூல வாரியத்தின் (அரசின் செலவுகளைப் பரிசீலிக்கும் அமைச்சரவைக் குழு) ஒப்புதல் வாங்க அந்த அவகாசம் போதவில்லை. என்ன செய்தார்கள்? 704 கோடி டாலரை ஒரே தலைப்பில் மொத்தமாகக் கேட்டார்கள்! திட்டங்களின் பட்டியல் பட்ஜெட்டில் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தத் தொகையில் ஏறக்குறைய எதுவும் வாரியத்தின் வழக்கமான பரிசீலனையைத் தாண்டி வரவில்லை என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே குறை சொன்னது. அடுத்த ஆண்டு அதைத் துறைவாரியாகப் பிரித்தார்கள். அதோடு பரிசோதனை முடிந்தது, பழைய தேதி திரும்பி வந்தது.

இந்தியாவில் சிக்கல் வேறு. 2017இல் பட்ஜெட்டை பிப்ரவரி மாத இறுதியிலிருந்து பிப்ரவரி 1ஆம் தேதிக்கு மாற்றினார்கள். ஏப்ரலிலேயே துறைகளுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல மாற்றம்தான். விவரத்துக்கும் குறைவில்லை: ஒவ்வொரு செலவுக்கும் ஆறு அடுக்கில் 15 இலக்கக் குறியீடு. ஆனால் 2018 மார்ச் 14 அன்று மக்களவை எல்லா மானியக் கோரிக்கைகளையும் (துறைகள் செலவுக்குக் கேட்கும் தொகைகள்) விவாதமே இல்லாமல், 'கில்லட்டின்' முறையில், ஒரே மூச்சில் நிறைவேற்றியது. (பெயரைப் பாருங்கள், பிரெஞ்சுப் புரட்சியின் தலைவெட்டும் இயந்திரம்!)

என்னைக் கேட்டால், தாமதமான விவரத்தையே தேர்ந்தெடுப்பேன். பிரிட்டனில் முதன்மை மதிப்பீடுகள் நிதியாண்டு பிறந்த பிறகுதான் முறைப்படி ஒப்புதல் பெறுகின்றன. அதுவரை முன்பண ஒதுக்கீட்டில் துறைகள் ஓடுகின்றன. சம்பளமும் ஓய்வூதியமும் நிற்பதில்லை. மொத்தமாக அனுமதித்த தொகையை அப்படிச் சமாளிக்க முடியாது. கொடுத்தபின் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கு அவசரம்?

நீங்கள் எல்லாத் துறையையும் படிக்க வேண்டாம். பழக்கமான ஒரே துறையை எடுங்கள். மத்திய அரசின் மதிப்பீட்டில் எண்கள் நான்கு நெடுவரிசைகளில் இருக்கும்: முந்தைய முழு ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, அதன் திருத்தம், வரும் ஆண்டு மதிப்பீடு. பலர் நான்காவதை மட்டும் பார்க்கிறார்கள், முதல் இரண்டோடுகூட ஒப்பிடுவதில்லை. நீங்கள் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.