ஒரு நிலப்பகுதியைப் பற்றி மக்கள் கொள்ளும் எண்ணத்தை நாளிதழ்கள் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன?

நீங்கள் இதழியல் மாணவராக இருப்பீர்கள் என்று கருதி எழுதுகிறேன். இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய்ச் செய்தியைச் சாடுவார்கள். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்த நான் கண்டதோ, அச்சான ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் வாசகர் மனத்தில் தவறான சித்திரம் பதிந்துவிடுவதை.

2014-இல் எபோலா கடுமையாகப் பரவியது கினியா, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில்தான். அம்மூன்று பெயர்களையும் நான் தலைப்பில் வைத்திருந்தேன். இரண்டு பத்தி அகலத்தில் அவை அடங்கா என்று சொல்லி, பக்கப் பொறுப்பாளர் அவற்றை நீக்கி ‘ஆப்பிரிக்கா’ என்று போட்டார். வாசகருக்கு அந்நாடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியுமா என்றும் கேட்டார். தெரியாததால்தானே போட வேண்டும் என்றேன். அதற்குள் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. அவருக்குத் தீய நோக்கம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் 54 நாடுகள் கொண்ட கண்டம் முழுவதும் நோய்ப்பட்டதாக அந்தத் தலைப்பு சொன்னது.

இப்படித் தலைப்பிட்டது நாங்கள் மட்டுமல்லர். நோய் எட்டிப்பார்க்காத கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் சுற்றுலாப் பயணிகளின் முன்பதிவு சரிந்தது. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து கென்யத் தலைநகர் நைரோபி 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட் அதைவிட அருகில். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்பெயினில் ஒரு செவிலியருக்கே தொற்று ஏற்பட்டபோதும், ‘ஐரோப்பாவில் எபோலா அபாயம்’ என்று ஒரு கண்டத்தையே ஒதுக்கிவைக்கும் தலைப்பு எங்கள் மேசையில் யாருக்கும் தோன்றவில்லை. அதே மாதம் 20-ஆம் தேதி நைஜீரியா எபோலாவிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது; எங்கள் பக்கத்தில் அது அடியில் ஒரு துண்டுச் செய்தி.

பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நோயைப் பெரிதாக எழுதாமல் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். நோய் இல்லாத நாட்களில் அந்தக் கண்டம் எங்கள் பக்கத்தில் இடம்பெறவே இல்லை என்பதுதான் என் குறை. எதிர்மறை நிகழ்வுகளே எளிதில் செய்தியாகின்றன என்பதை 1965-லேயே யோஹான் கால்டுங், மாரி ரூகே ஆகிய ஆய்வாளர்கள் நார்வே நாளிதழ்களை ஆராய்ந்த கட்டுரையில் குறித்துள்ளனர். ஆகவே இது புதிய கண்டுபிடிப்பன்று, தெரிந்தே நடப்பது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாசகர் கடிதங்களில் வசை வாங்குபவர் செய்தியைச் சுருக்கிய உதவி ஆசிரியர். பக்கத்தின் இடத்தைத் தீர்மானிப்பதோ விளம்பரப் பிரிவு. பின்னர் எங்கள் வெளிநாட்டுப் பக்கம் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, தேர்தலும் அறுவடையும் புதிய ரயில் பாதையும் முதலில் வெளியேறின. போருக்கும் நோய்க்கும் மட்டும் இடம் குறையவில்லை.