வெதெனோ: காடும் கோடரியும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

19ஆம் நூற்றாண்டுக் காக்கேசியப் போரில் ரஷ்யாவை எதிர்த்த மலைமக்களின் தலைவர் இமாம் ஷாமிலைப் பற்றித் தங்கள் தளத்தில் வந்த குறிப்பை வாசித்தேன். காக்கசஸ் மலைப்பகுதியில் உள்ள செச்னியாவின் வெதெனோ என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ரஷ்யப் பேரரசை அவரால் 14 ஆண்டுகள் எப்படி எதிர்க்க முடிந்தது? செச்னியர்களின் பிறவிப் போர்க்குணம்தான் காரணமா? 1990களில் ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட செச்னியக் கிளர்ச்சித் தலைவர் பசாயெவும் அந்தப் பகுதிக்காரர்தானே?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

சில மாதங்களாகவே காக்கேசியப் போரைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பதால் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. கூர்ந்து வாசிப்பவர் நீங்கள். ஆனால் ‘பிறவிப் போர்க்குணம்’ என்று எழுதும்போது உங்கள் கை கூசியிருக்க வேண்டாமா? படையெடுத்து வந்தவர்கள் தங்கள் தோல்விக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் அது. பசாயெவ் பக்கத்து ஊரான திஷ்னே-வெதெனோவில் பிறந்தவர்தான். அதனால் எதுவும் விளங்கிவிடப் போவதில்லை.

வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே க்ரோஸ்னி இருக்கும் சமவெளி, தென்கிழக்கே அண்டைப் பகுதியான தாகெஸ்தானின் மொட்டைப் பாறை மலைகள், இரண்டுக்கும் நடுவே பீச் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவுகள். அங்கிருந்து குல்குலாவ் ஆறு வடக்கே இறங்கும் பள்ளத்தாக்கில் வெதெனோ இருக்கிறது. ஷாமிலின் முந்தைய தலைநகரான தார்கோவை 1845இல் ரஷ்யத் தளபதி வொரந்த்சோவின் பெரும்படை பிடித்துவிட்டது. ஆனால் திரும்பும் வழியில், ஒவ்வொரு அடிமரத்தின் பின்னாலும் ஒரு துப்பாக்கி காத்திருந்த காட்டுக்குள் அது சிக்கிச் சீரழிந்தது. அந்தப் படையெடுப்பில் மூன்று ரஷ்யத் தளபதிகள் மாண்டார்கள். அதன்பிறகே ஷாமில் வெதெனோவுக்கு மாறினார்.

ரஷ்யர்கள் கற்ற பாடம் கோடரி. காக்கசஸில் முந்தைய ரஷ்யத் தளபதியான யெர்மோலோவ் முன்பே தொடங்கிவைத்த வேலையை இப்போது முறையாகச் செய்தார்கள். இலை உதிர்ந்து மறைவிடம் குறையும் குளிர்காலத்தில் சிப்பாய்கள் வருவார்கள். சிலர் காவல் நிற்க மற்றவர்கள் மரங்களைச் சாய்ப்பார்கள். பாதையின் இருபுறமும் துப்பாக்கிக் குண்டு எட்டும் தொலைவுக்குக் காடு மொட்டையாகும். அடுத்த குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே. இதன் பொருள் தெரிந்ததால்தான் அனுமதியின்றி மரம் வெட்டியவர்களை ஷாமில் தண்டித்தார். ரஷ்யத் தளபதி யெவ்தகிமோவ் 1859 ஏப்ரலில் வெதெனோவைப் பிடித்தபோது, அவருக்காகப் பாதி வேலையை அந்தக் கோடரிகள் முடித்துவைத்திருந்தன. அவ்வாண்டே தாகெஸ்தானின் குனீப் என்ற மலையூரில் ஷாமில் சரணடைந்தார். போர்க்குணம் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் வற்றிப்போய்விட்டதா என்ன? காடு போயிற்று, ஐயா, காடு போயிற்று.

ஊர் அத்தோடு ஓயவில்லை. 1944 பிப்ரவரி 23 அன்று தொடங்கி, செச்னியர்களையும் இங்குஷியர்களையும் ஒருவர் விடாமல் சரக்கு ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார் ஸ்டாலின். வெதெனோ வட்டாரம் தாகெஸ்தானோடு சேர்க்கப்பட்டது; தாகெஸ்தான் மலைவாசிகளைக் கட்டாயப்படுத்தி இறக்கி, அடுப்புச் சாம்பல்கூட அள்ளப்படாத வீடுகளில் குடியேற்றினார்கள். 1957இல் செச்னியர்கள் திரும்பத் தொடங்கியதும் அந்தத் தாகெஸ்தான்காரர்கள் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. பலர் பழைய மலைக்குப் போக வழியின்றித் தாகெஸ்தானின் சமவெளியில் இறங்கினார்கள். அவர்களும் மலைவாசிகள்தாம், கதிரவன். அவர்களை எந்தக் குணத்தின் கணக்கில் எழுதுவீர்கள்?