மூடிய சம்படம், மூடியுள்ள சம்படம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் பழம்பொருள் கண்காட்சி வைக்கிறோம். பொருட்களுக்குப் பெயரட்டை எழுதுவது என் வேலை. ‘மூடிய பித்தளைச் சம்படம்’ என்று எழுதினேன். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்ததால், “திறந்துதானே இருக்கிறது?” என்றார் தமிழாசிரியை. ‘மூடியுள்ள’ என்று மாற்றினேன். அதுவும் தெளிவாக இல்லை என்கிறார். எப்படித்தான் எழுதுவது?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியை சொல்வது சரி. ‘மூடிய’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். யாரோ மூடினார்கள், அவ்வளவுதான். அந்தப் பாத்திரத்துக்கென்று மூடி உண்டா என்பதை அது சொல்லாது. வாழை இலை போட்டு மூடிய குண்டானும் மூடிய குண்டான்தான்.

‘மூடியுள்ள’ என்பதில் சிக்கல் வேறு. மூடி என்ற பெயருக்கும், மூடு என்ற வினையின் எச்சத்துக்கும் ஒரே வடிவம். எதிர்மறையாக்கிப் பாருங்கள்: மூடாத சம்படம், மூடியில்லாத சம்படம். சட்டென்று பிரிந்துவிடுகின்றன, இல்லையா? உடன்பாட்டில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

பாத்திரக் கடைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. தூக்குவாளியைத் தராசில் வைத்துவிட்டு, “மூடியோட போடவா?” என்று கேட்பார்கள். அந்த ‘ஓடு’ போதும். ‘மூடியோடு கூடிய பித்தளைத் தூக்கு’ என்று எழுதினால் மூடி எங்கே கிடந்தாலும் பிழையில்லை.

ஆனால் சம்படத்துக்கு அதுவும் வேண்டாம் என்பேன். சம்படம், சிமிழ், செப்பு எல்லாம் மூடியையும் சேர்த்தே குறிக்கும் பெயர்கள். 887ஆம் குறளில் ‘செப்பின் புணர்ச்சிபோல்’ என்று வருகிறது. செப்பும் அதன் மூடியும் பொருந்தியிருப்பதைத்தான் வள்ளுவர் சொல்கிறார், மூடி என்ற சொல்லே இல்லாமல். ‘பித்தளைச் சம்படம்’ என்றே எழுதுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. என் ஆச்சி எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கும்போது, பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, வாயின்மேல் இழுத்துப் பிடித்து, கழுத்தில் மூன்று சுற்றுச் சணல் கட்டுவார். அதற்கு வேடு கட்டுவது என்று பெயர். இப்போது ‘துணியால் மூடிய ஜாடி’ என்று எழுதுகிறார்கள். ஜாடி முழுவதையும் போர்த்தியதுபோல் இருக்கிறது. ‘வேடு கட்டிய’ என்றால் துணி வாயில் மட்டும் விறைப்பாக நிற்பது கண்ணில் தெரியும். அந்தச் சொல் மறைந்துகொண்டே வருவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்கள் கண்காட்சியில் பீங்கான் ஜாடி ஒன்று இருந்தால், துணி கட்டி வைத்து ‘வேடு கட்டிய ஊறுகாய் ஜாடி’ என்று அட்டையில் எழுதுவீர்களா?

அன்புடன்.