ஜெட்பாக் பாதியில் நின்றால் டேப் ஹெட்டைப் பாருங்கள்

ஜெட்பாக் ஆட்டம் கேசட்டிலிருந்து லோட் ஆகாமல் பாதியில் நிற்கிறது, 48கே நினைவகம் உள்ள ஸ்பெக்ட்ரம் (பழைய வீட்டுக் கணினி) வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். 1983-இல் வந்த ஜெட்பாக் 16கே மெஷினிலேயே ஓடும். உங்கள் சிக்கல் பெரும்பாலும் டேப் ரெக்கார்டரில்தான்: டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணம் விலகியிருக்கும்.

லோட் ஆகும்போது திரையோரத்தில் சிவப்பு, வெளிர்நீலப் பட்டைகள் ஒழுங்காக வந்து, மஞ்சள், நீலம் ஓடும்போது 'ஆர் டேப் லோடிங் எரர்' வருகிறது என்கிறீர்கள். முதலில் வருவது தாழ்ந்த, ஒரே சீரான ஒலி. ஹெட் சாய்ந்திருந்தாலும் அதைப் படித்துவிடும். ஆட்டத்தின் தகவலில் உயர்ந்த சுருதி கலந்திருக்கிறது. அதன் கூர்மை மங்கி ஒரு பிட் தவறினாலும் போச்சு.

முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். சரியாகவில்லையா? கணினிக்குப் போகும் இயர் ஒயரைக் கழற்றி, ஸ்பீக்கரில் டேப்பை ஓடவிடுங்கள். ஹெட்டின் பக்கத்தில் இரண்டு திருகுகள் இருக்கும். ஸ்பிரிங் உள்ளதை மட்டும் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். இரைச்சல் மந்தமாக இருந்து, ஓரிடத்தில் பளிச்சென்று காதைக் கிழிக்கும். அங்கே நிறுத்தி, முக்கால் வால்யூமில் லோட் செய்யுங்கள்.

திருப்பும் முன் திருகின் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேசட்டுக்குப் பொருந்தும் கோணம் வேறு ரெக்கார்டரில் பதிந்ததற்குப் பொருந்தாமல் போகலாம்.