பொது ஓவியக் கூடங்கள் நிதி திரட்டுவது எப்படி?

டிக்கெட் காசை வைத்தே ஓவியக் கூடத்தை நடத்திவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நம் பாம்பன், தொண்டிப் பக்கம் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, அதுக்கு மேல் ஒவ்வொரு நாளையும் ஒரு மண்டகப்படிக்காரர் ஏற்றுக்கொள்கிறாரே, கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

வரி மாதிரி ஆண்டுச் சந்தா. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு 1897 முதலே நண்பர்கள் சங்கம் இருக்கிறது, சந்தாப் பணத்தில் கலைப்பொருள் வாங்கிக் கொடுக்கிறார்கள், உறுப்பினருக்கு அனுமதி இலவசம். மண்டகப்படி மாதிரி பெரிய நிறுவனங்கள். நம் 2013 கம்பெனிச் சட்டப்படி அவை செய்யவேண்டிய சமூகப் பணிகளில் கலைப்பொருள் சீரமைப்பும் உண்டு.

ஆனால் குறிப்பாக ஒரு காரியத்தைக் காட்டிக் கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் கிரானாக் வரைந்த ஓர் ஓவியத்தை வாங்க லூவர் 2010இல் பொதுமக்களிடம் 10 லட்சம் யூரோ கேட்டபோது 7,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இந்த ஒரு சுவரைக் காப்பாற்ற இவ்வளவு ஆகும் என்று படத்தோடு கேட்டால் துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரர்கூடக் கொடுப்பார். அப்புறம், திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் ஒட்டுவார்களே, அதுபோல வாசலில் கணக்கை ஒட்டிவிட வேண்டும், அடுத்த வருஷமும் அவரிடமே போய்க் கேட்கலாம்.