கொத்தனார் அண்ணாச்சிக்கு: பையனை சைட்டுக்குக் கூட்டிப் போங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

சனிக்கிழமை நீங்களும் பையனும் வந்து போன பிறகு உங்கள் பேச்சுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. "நான் வெயில்ல நின்னது போதும். அவன் ஏசி ரூம்ல உக்காந்து பிளான் போடட்டும். சைட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றீர்கள். பிள்ளை நிழலில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் சைட்டுக்கு வராதே என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்று அவன் நோட்டை வைத்தே சொல்கிறேன்.

அவன் வரைந்த பிளானில் கோடுகள் சுத்தமாக இருந்தன. மாடிப்படிக்குப் பன்னிரண்டு கோடு போட்டிருந்தான். நீங்கள் எட்டிப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தொட்டு, "பத்தடி உயரத்துக்குப் பன்னிரண்டு படியா? ஆச்சி எப்படிலே ஏறுவா?" என்று கேட்டீர்கள். அவன் முழித்தான். பத்தடி என்றால் 120 அங்குலம். பன்னிரண்டு படி என்றால் ஒவ்வொன்றும் 10 அங்குல உயரம், ஏணி மாதிரி. ஆறு அங்குலம் வைத்தால் இருபது படி வரும். மிதிக்கிற இடத்துக்குப் பத்து அங்குலம் கொடுத்து நேராக ஓட்டினால் கிட்டத்தட்ட 16 அடி நீளம் வேண்டும். அவன் பிளானில் அவ்வளவு இடம் கிடையாது. நடுவில் லேண்டிங் போட்டுத் திருப்ப வேண்டும். திருப்பினால் ஹால் சுருங்கும், ஜன்னல் நகரும். இது கல்லூரியிலும் சொல்லித்தருகிற பாடம்தான். நீங்கள் அதை ஒரு நொடியில் பார்த்தீர்கள். வீட்டிலேயே இப்படி ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு அவனை ஏன் விலக்கி நிறுத்த வேண்டும்?

சரி, படிப்புக்கு வருவோம். இப்போது ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறான், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கின்றன. எந்தக் கதவும் மூடவில்லை, கையில் ஒரு வருடமும் இருக்கிறது. அவன் ஆசைப்படுவது பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பு. ஐந்து வருடப் படிப்பு, அதில் ஒரு செமஸ்டர் அலுவலகப் பயிற்சி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கலந்தாய்வு மூலம் சேர ப்ளஸ் டூ மதிப்பெண்ணோடு 'நாட்டா' போன்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வும் வேண்டும். திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடம் என்றால் ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள். இரண்டிலும் வரையச் சொல்வார்கள். படம் வரைவதில் புலியாக இருக்க வேண்டியதில்லை. பார்த்த பொருளை அளவு குலையாமல் காகிதத்தில் கொண்டுவரத் தெரிந்தால் மீதியைப் பழகிக்கொள்ளலாம். பழக இந்த வருடம் போதும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். 'இன்டீரியர் ஆர்கிடெக்சர்' என்று பெரிய பெயர் வைத்து ஆறு மாதம், ஒரு வருடம் நடத்துகிற வகுப்புகள் அந்தப் பதிவைத் தராது. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்று கணினியில் பிளான் வரைகிற மென்பொருள்கள் எல்லாம் உங்கள் கரண்டி, மட்டப்பலகை போலக் கருவிகள். கற்றுக்கொள்ளட்டும், ஆனால் அதையே படிப்பு என்று நினைத்து லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். சேருகிற பி.ஆர்க் கல்லூரிக்கு அந்த ஆண்டு கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

ஐந்து வருடச் செலவை நினைத்து வீட்டம்மா தயங்கியதைக் கவனித்தேன். அதற்கும் வழி உண்டு. நாகர்கோவில் கோணம் பகுதியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்தவன் டிப்ளமோ சிவிலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம், அல்லது அரசுத் துறைகளில் வரைவாளர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறானா? அப்படியென்றால் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கிறது. படிப்புச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

அப்புறம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வடிவமைப்பவனுக்கு வேலை இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கும், இந்த மண்ணைத் தெரிந்தவனுக்கு. குளச்சல், முட்டம் பக்கம் பத்து வருடத்திலேயே சன்ஷேடு வெடித்து கம்பி வெளியே தெரிகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்து கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. கடற்கரைக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் கம்பிக்கு வெளியே அதை மூடுகிற கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் வேண்டும், கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது என்று இந்தியக் கான்கிரீட் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எத்தனை சைட்டில் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லித் துண்டை வைக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படத்தில் எழுதவும், கான்கிரீட் போடும் நாளில் குனிந்து பார்க்கவும் தெரிந்த ஒருவன் நம் கடற்கரை ஊர்களுக்குக் கட்டாயம் வேண்டும். வடக்கே குலசேகரம் பக்கம் போனால் மழைதான் கேள்வி. அங்கே மொட்டை மாடி போட்டுவிட்டு, ஒழுகுகிறது என்று அதன் மேல் தகரக் கூரை போடுகிறவர்கள் எத்தனை பேர்!

விடுமுறையில் அவனைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அனுப்புங்கள். சுற்றுலாவுக்கு இல்லை, அளவு டேப்போடு. ஓட்டுச் சரிவு சுவரைத் தாண்டி எவ்வளவு இறங்குகிறது, மரச்சட்ட ஜன்னல் வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை எப்படி விடுகிறது என்று குறித்து வரட்டும். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற இடத்தில் ஆர்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய சி.டி.எஸ். ஆய்வு நிறுவன வளாகமும் பக்கம்தான். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையால் கால்வாசிச் செங்கல் மிச்சப்படும் என்று காட்டியவர் அவர். இங்கிலாந்தில் படித்து வந்தவர், கொத்தனார்களோடு சைட்டில் நின்றுதான் வேலை பார்த்தார்.

அதனால் இந்த லீவில் பத்து நாள் உங்களோடு வரட்டும். மண் சுமக்க வேண்டாம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதிலிருந்து நிற்கட்டும், தூக்குக்குண்டு பிடிக்கட்டும், நீங்கள் ஏன் ஒரு செங்கல் வரியைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டுகிறீர்கள் என்று கேட்கட்டும். அந்த வெயிலுக்குப் பிறகும் வீடு கட்டத்தான் ஆசை என்றால், பி.ஆர்க்குக்குக் கடன் வாங்குவதைப் பற்றித் தைரியமாகப் பேசலாம். பிடிக்கவில்லை என்றால் இப்போதே தெரிந்தது நல்லது.

அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆச்சி ஏறுகிற மாதிரி படியைத் திருத்தி வரைந்திருக்கிறானா என்று பார்ப்போம்.